எதிரணிக்காரன் சாட்சி

யாங்கோன் விமான நிலையத்தில் அதிகாரி என்னிடம் கேட்ட முதல் கேள்வி, எதற்காக வந்திருக்கிறீர்கள் என்பது. பகோடா பார்க்க, கோயிலுக்கு என்று எதையாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக விசில் ஊதியவள் நான். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லியே பழக்கம். "ஒரு கோல் விஷயமாக வந்திருக்கிறேன்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அறுபது வயது, பருத்திப் புடவை, கான்வாஸ் ஷூ. ஃபுட்பாலா என்று கேட்டார். ஆமாம் என்றதும் முகம் மலர்ந்து முத்திரையைக் குத்திவிட்டார்.

கோல் என்னுடையது இல்லை. என் மாமனார் ஆறுமுகத்துடையது. அவர் அந்தக் காலத்து ரங்கூனில், இப்போதைய யாங்கோனில், பிறந்தவர். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவரின் மகன். அங்கே இரண்டாம் டிவிஷன் லீக்கில் ஹார்பர் அணிக்காக ஆடினார். இருபத்திரண்டு வயதில் குடும்பத்தோடு கப்பலேறிச் சென்னை வியாசர்பாடிக்கு வந்துவிட்டார். கப்பல் ஏறுவதற்கு முந்தைய வாரம் ரயில்வே அணிக்கு எதிராக அவர் போட்ட கடைசி கோல்தான் எங்கள் வீட்டின் குலதெய்வம். நான் கல்யாணமாகி வந்த மறுநாள் காலையிலேயே இட்லியோடு சேர்த்து அது எனக்குப் பரிமாறப்பட்டது.

"நல்ல மழை. சேறு. ஆட்டம் முடிய அஞ்சு நிமிஷம். நான் அடிச்ச பந்து கம்பத்துல பட்டு உள்ள விழுந்துச்சு. அந்தப் பய கோல்கீப்பர் அப்படியே அது மேல படுத்துட்டான். ஆனா நான் பாத்தேன்ம்மா, பந்து பாதிக்கு மேல உள்ள!" இந்த இடத்தில் மேஜையை ஒரு தட்டு தட்டுவார். சட்னிக் கிண்ணம் நகரும். நடுவர் கோல் கொடுத்தார், ஹார்பர் ஜெயித்தது, மாமா கப்பலேறினார். அவ்வளவுதான் கதை.

இப்போது மாமாவுக்கு எண்பதுக்கு மேல் ஆகிறது. கண்ணில் நரம்புக் கோளாறு. இன்னும் சில மாதம்தான் பார்வை, அதற்குப் பிறகு வெளிச்சம் மட்டும்தான் தெரியும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தச் சமயம் பார்த்து யாங்கோனிலிருந்து டோ மீனா என்கிற அம்மாள் போனில் செய்தி அனுப்பினார். அங்கே பபேடான் வட்டாரத்தில் பழைய இரண்டாம் டிவிஷன் ஆட்டக்காரர்களுக்காகக் கௌரவச் சுவர் ஒன்று வைத்திருக்கிறார்களாம். இந்த வருஷம் மாமாவின் படத்தை ஏற்றலாம் என்று கமிட்டியில் பேச்சு. ஆனால் ஒரு நிபந்தனை. அவரோடு எதிரணியில் ஆடியவர் ஒருவர், உயிரோடு இருப்பவர், கமிட்டி முன்னால் தன் வாயால் சாட்சி சொல்ல வேண்டும்.

அப்படி மிச்சமிருப்பது ஒரே ஒரு ஆள். பந்தின் மேல் படுத்த அதே கோல்கீப்பர். டோ மீனா அவருக்கு நாலு தடவை போன் செய்திருக்கிறார். ஆறுமுகம் என்ற பேரைக் கேட்டதும் நாலு தடவையும் மனுஷன் வைத்துவிட்டார்.

"அந்தச் சுவத்துல என் படம் ஏறுறதை இந்தக் கண்ணால பாத்துட்டா போதும்" என்றார் மாமா. என் கணவர் லீவு இல்லை என்றார். அப்பாவுக்காக யாரிடமாவது போய்க் கெஞ்ச வேண்டும் என்றால் அவருக்கு எப்போதும் லீவு இருக்காது. நான் பெட்டியைக் கட்டினேன்.

*

டாக்ஸி ஓட்டுநரின் பக்கத்தில் முன் இருக்கையில் உட்கார்ந்தேன். நம் ஊர் போலவே ஸ்டியரிங் வலப்பக்கம் இருந்தது. ஆனால் வண்டியோ சாலையின் வலப்பக்கத்திலேயே போகிறது. முன்னால் போகும் லாரியை முந்த வேண்டுமென்றால் எதிரே வருவது ஓட்டுநருக்குத் தெரியாது, எனக்குத்தான் தெரியும். அவர் ஒவ்வொரு தடவையும் என் பக்கம் திரும்பிப் புருவத்தை உயர்த்துவார். நான் லைன்ஸ்மேன் மாதிரி கையைக் காட்டுவேன். பபேடான் வருவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. அவர் மட்டும் சிரித்துக்கொண்டே வெற்றிலையைக் குதப்பினார்.

பபேடான் தெருக்களில் நடக்கும்போது சௌகார்பேட்டையின் பக்கத்துத் தெருவில் நடப்பது போலவே இருந்தது. பருப்பு மூட்டை, பித்தளைக் குடம், மசூதியின் பாங்கு, கோயில் மணி. ஆனால் கடைக்காரர் முகத்தில் சந்தனம் போன்ற தனக்கா மரப்பட்டைக் குழம்பைப் பூசிக்கொண்டு, லுங்கியை இடுப்பில் முடிந்து, என்னைப் பார்த்து பர்மியத்தில் பேசிவிட்டு, நான் முழிப்பதைக் கண்டதும் "என்னம்மா வேணும்?" என்கிறார்.

டீக்கடையில்தான் எனக்கு முதல் கோபம் வந்தது. முழங்கால் உயர ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேஜைக்காரர் உதட்டைக் குவித்து முத்தமிடுகிற சத்தம் எழுப்பினார். நான் சட்டென்று திரும்பி, எட்டாம் வகுப்பு ஏ பிரிவை அடக்கிய பார்வை ஒன்று பார்த்தேன். அவர் குழம்பிப்போனார். அதற்குள் டீ ஊற்றுகிறவர் அவரிடம் ஓடி வந்தார். இங்கே கடைக்காரரைக் கூப்பிடும் முறையே அதுதானாம். அசடு வழிந்துகொண்டு என் டீயைக் குடித்தேன். கண்டென்ஸ்டு பால் ஊற்றிய, லபெயே என்கிற அந்த டீ இனிப்பில் பாயசத்தையே தோற்கடிக்கும்.

காலை உணவுக்கு மொஹிங்கா. வாழைத்தண்டும் மீனும் கரைந்த குழம்பில் அரிசி நூடுல்ஸ். வடசென்னையில் தள்ளுவண்டியில் சாப்பிடும் மொய்ங்காவை விட இது மென்மையானது, காரம் குறைவு. அந்தத் தள்ளுவண்டிகளில் நூடுல்ஸைப் பிசைந்து தரும் அத்தோ கிடைக்குமா என்று கேட்டேன். "எந்தத் தோ?" என்று திருப்பிக் கேட்டார்கள். இங்கே இஞ்சியில் ஒன்று, தக்காளியில் ஒன்று, டீ இலையில் ஒன்று என்று பிசைந்து கொடுப்பதெல்லாம் தோதான். எங்கள் பக்கத்தில் ஒரே ஒரு தோவை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் அலட்டியிருக்கிறோம்.

*

டோ மீனாவுக்கு என் வயதுதான் இருக்கும். மீனாட்சி என்று தமிழ்ப் பேரும், பர்மியப் பேர் ஒன்றும் உண்டு. பெண்களுக்கு மா, டோ என்றும் ஆண்களுக்கு ஊ என்றும் பேருக்கு முன்னால் மரியாதைச் சொல் சேர்ப்பது இங்கே வழக்கம்; அப்படி டோ மீனா ஆகிவிட்டார். கீழே பருப்புக் கடை, மாடியில் கௌரவச் சுவர். ஏணி மாதிரி செங்குத்தான படிக்கட்டில் மூச்சு வாங்காமல் ஏறினார்.

"பாத்து வாங்க டீச்சரம்மா. கரண்டு பன்னெண்டு மணிக்குத்தான் வரும். வந்தாலும் வரும், வராட்டியும் யாபாதே."

யாபாதே என்றால் பரவாயில்லை. இந்த ஊரில் இருந்த நாட்களில் நான் அதிகம் கேட்ட வார்த்தை அதுதான்.

சுவர் ஒன்றும் பெரிதில்லை. பச்சைச் சாயம் அடித்த மரப்பலகையில் முப்பது படங்கள் இருக்கலாம். தமிழர், பர்மியர், இரண்டும் கலந்தவர்கள், ஒரு சீனர். முதல் டிவிஷன்காரர்களுக்குச் செய்தித்தாள் இருந்தது, வானொலி இருந்தது. இவர்களுக்கு எதுவும் இல்லை. இருந்த ஆட்டப் பதிவேடுகளையும் கரையான் தின்றுவிட்டது. அதனால்தான் இந்தச் சாட்சி முறை.

"சொந்த டீம் ஆளு சொன்னா நம்ப மாட்டோம். அவன் கூட்டாளி, கூட்டித்தான் சொல்லுவான். எதிர் டீம் ஆளு ஒத்துக்கிட்டாத்தான் உண்மை. அவன் என்ன சொல்றானோ, அப்படியே எழுதிருவோம். ஒரு எழுத்து மாத்த மாட்டோம்" என்றார் டோ மீனா.

ஒவ்வொரு படத்துக்கும் கீழே அந்தச் சாட்சியைப் பர்மியத்திலும் தமிழிலும் வெள்ளைச் சாயத்தால் எழுதியிருந்தார்கள். ஒவ்வொன்றாகப் படித்தேன். 'இவனை நிறுத்தச் சட்டையைப் பிடித்து இழுத்தேன். சட்டை வந்தது, இவன் வரவில்லை.' இன்னொன்று: 'இவன் என்னை மோதிய இடம் மழைக்காலத்தில் இன்னும் வலிக்கிறது. நல்ல ஆட்டக்காரன்.' வேறொன்று வெறும் இரண்டு சொல்: 'இவனிடம் தோற்றிருக்கிறேன்.'

எத்தனையோ கோப்பைகளையும் சான்றிதழ்களையும் நான் துடைத்து அடுக்கியிருக்கிறேன். எதுவும் இந்தப் பலகை அளவுக்கு என்னை நிற்க வைத்ததில்லை.

"அந்த கோல்கீப்பர் படம் எங்க?" என்று கேட்டேன்.

"அவருக்குப் படம் இல்ல. அவருக்குச் சாட்சி சொல்லவும் ஒரு ஆளுதான் மிச்சம். உங்க மாமனார்." டோ மீனா படங்களின் தூசியைத் தட்டிக்கொண்டே சொன்னார். "போன வருஷமே போன் பண்ணிக் கேட்டேன். ஊ ஆறுமுகம் என்ன சொன்னாரு தெரியுமா? கோலை விட்டவனுக்கு எதுக்கும்மா சாட்சின்னாரு."

இதை மாமா என்னிடம் சொல்லவே இல்லை.

*

மறுநாள் அந்த மனிதரைத் தேடிப் புறப்பட்டேன். ஆற்றுக்கு அக்கரையில் தன்லியின் என்ற ஊரில் இருப்பதாக டோ மீனா விலாசம் கொடுத்திருந்தார். பாகோ ஆற்றுப் பாலத்தின் நடுவில் பஸ் டயர் வெடித்தது. சென்னையாக இருந்தால் இந்நேரம் கண்டக்டரின் முன்னோர்கள் எல்லோரும் வந்து போயிருப்பார்கள். இங்கே ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. இறங்கி, பாலத்தின் கைப்பிடியில் சாய்ந்து நின்று, பையிலிருந்த பூசணி விதையைக் கொறிக்க ஆரம்பித்தார்கள். தொழிற்சாலைக்குப் போகிற பெண்கள் இரண்டு பேர் என் ஷூவைப் பார்த்துப் பேசிக்கொண்டார்கள். எனக்குப் பக்கத்தில் நின்ற தமிழ்க்காரர் மொழிபெயர்த்தார்: "இந்த அம்மா ஓடி வந்துதான் பஸ்ஸைப் பிடிச்சிருக்கும்னு ஒருத்தி சொல்றா. இல்ல, பஸ்ஸை விட்டுட்டு இனிமே ஓடத்தான் போகுதுன்னு இன்னொருத்தி சொல்றா." நானும் சிரித்தேன். எனக்கும் விதை கொடுத்தார்கள்.

தன்லியினில் விலாசத்து வீடு பூட்டிக் கிடந்தது. கிழவர் மகளோடு இன்னும் தள்ளி, கியாக்தான் என்ற ஊருக்குப் போய்ப் பல வருஷமாகிறது என்றார்கள். அங்கே போக லைன் கார். டிரக்கின் பின்னால் இரண்டு பலகை போட்டு, இருபது பேரை ஏற்றி, மீதி இடத்தில் வாத்துக் கூடைகளை வைத்துவிட்டார்கள். ஒரு வாத்து வழி நெடுக என் புடவைத் தலைப்பைச் சாப்பிட்டுக்கொண்டே வந்தது. இழுத்து இழுத்துப் பார்த்தேன். பிறகு யாபாதே என்று விட்டுவிட்டேன்.

கியாக்தானில் ஆற்றின் நடுவில் தீவு, அதன் மேல் பகோடா. படகில் போகிறவர்கள் அங்கே கெளுத்தி மீன்களுக்கு இரை போடுகிறார்கள். படகுத் துறையில் அந்த மீன் இரையை விற்கிற கடை மா சுசூவுடையது. அவர்தான் கோல்கீப்பரின் மகள். ஐம்பது வயதிருக்கும். தமிழ் கேட்டால் புரியும், பதில் பர்மியத்தில்தான் வரும். கடைக்குப் பின்னால் சாய்வு நாற்காலியில் அவர் இருந்தார். பேர் தங்கவேலு; பர்மியப் பேர் ஊ தான் சோ. நாற்காலியின் கைப்பிடியில் கிடந்த அந்தக் கைகளைத்தான் நான் முதலில் பார்த்தேன். அவ்வளவு அகலமான உள்ளங்கையை நான் எந்த கோல்கீப்பரிடமும் பார்த்ததில்லை.

"ஆறுமுகம் வீட்டு ஆளா?"

"மருமக."

"அவன் இருக்கானா?"

"இருக்காருங்க ஐயா."

"ம். நானும் இருக்கேன்" என்றார். மா சுசூ எனக்கு டீ கொண்டுவந்தார். வலது கையால் கொடுக்கும்போது இடது கையால் முழங்கையைத் தொட்டுக்கொண்டார். மரியாதையாக எதைக் கொடுத்தாலும் இங்கே அப்படித்தான்.

நான் வந்த விஷயத்தையும், ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடுவதையும் சொன்னேன். மாமாவின் கண்ணைப் பற்றியும் சொன்னேன்.

"கண்ணு போகுதா? பாவம். நல்ல கண்ணு அவனுக்கு. பின்னாடி வர்றவனையும் பாப்பான்." கொஞ்சம் முன்னால் சாய்ந்தார். "எனக்கு இங்க என்ன பேரு தெரியுமாம்மா? ஓட்டைக்கை. அந்த மேட்சுக்கு அப்புறம் ரயில்வேயில என்னை ஆட விடல. நானும் மறுபடி கோல்ல நிக்கல. தன்லியினை விட்டு இங்க வந்தேன். அந்தப் பேரும் லைன் கார் ஏறிப் பின்னாடியே வந்துருச்சு. இவ இஸ்கூலுக்குப் போறப்ப ஓட்டைக்கை மவளேன்னுதான் கூப்புடுவாங்க."

மா சுசூ தலை நிமிராமல் மீன் இரையைப் பொட்டலம் போட்டுக்கொண்டிருந்தார்.

"அது கோல் இல்ல" என்றார் கிழவர். என் டீக்கோப்பையை எடுத்து மேஜை விளிம்புக்கு இந்தப் பக்கம் வைத்தார். விளிம்புதான் கோடு. தன் கையை அதன் மேல் கவிழ்த்தார். "பந்து இங்க. கோட்டைத் தொடவே இல்ல. கோட்டுக்கு வெளிய ஒரு சாண் இருந்துச்சு. சேத்துல கோடு அழிஞ்சு போச்சு. உன் மாமனாரு ரெண்டு கையையும் தூக்கிட்டு ஓடினான். ரெபரி அவன் கையைத்தான் பாத்தான். பந்தைப் பாக்கல."

இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் மாவட்ட அளவில் நடுவராக இருந்தவள். பந்து முழுசாக, அதன் கடைசி நூல் வரை கோட்டைத் தாண்டினால்தான் கோல். பாதி என்பதும் பாதிக்கு மேல் என்பதும் கிடையாது. எத்தனை பிள்ளைகளுக்குச் சுண்ணாம்புக் கோட்டின் மேல் பந்தை வைத்து இதைக் காட்டியிருப்பேன்! 'பாதிக்கு மேல உள்ள' என்று மாமா மேஜையைத் தட்டும்போது மட்டும், அவர் கதைப்படியே அது கோல் இல்லை என்று தெரிந்துகொண்டே, சட்னி ஊற்றியிருக்கிறேன். கல்யாணமான புதிதில் பயம். அப்புறம் பழக்கம். ஒரு கிழவரின் சந்தோஷம், அதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்திருந்தேன். நஷ்டப்பட்டவர் இப்போது என் எதிரில் கோப்பையின் மேல் கையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது.

இருந்தாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். 'கோல் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் ஐயா, கண் தெரியாமல் போகப் போகிற மனிதர்' என்று கெஞ்ச வாய் வரைக்கும் வந்தது. கெஞ்சவில்லை. நான் சொன்னது வேறு.

"ஐயா, நான் ரெபரி. அவர் சொல்ற கதைப்படி பாத்தாலே அது கோல் இல்ல."

அவர் நிமிர்ந்தார். "இதை அவன்கிட்ட சொன்னியா?"

"இல்லீங்க."

"ஏன்?"

"மாமனாரு."

கிழவர் தோள் குலுங்கச் சிரித்தார். மகளிடம் பர்மியத்தில் என்னவோ கேட்டார். அவரும் என்னவோ சொன்னார். "ஞாயித்துக்கிழமை வரேன்" என்றார் என்னிடம். "சொல்ல வேண்டியதை அங்க சொல்றேன்."

என்ன சொல்லப்போகிறார் என்று நான் கேட்கவில்லை. திரும்பும் வழியில் பஸ் எங்கும் நிற்கவில்லை, வாத்தும் இல்லை. யோசிக்க நேரம் கிடைக்காமல் அன்றைக்குச் சீக்கிரம் யாங்கோன் போய்ச் சேர்ந்தது எனக்குப் பிடிக்கவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மாடி அறை நிறைந்துவிட்டது. நாற்பது பேர் இருக்கலாம். கரண்ட் இல்லை. கீழே பருப்புக் கடையின் ஜெனரேட்டர் சத்தத்தில் எல்லோரும் உரக்கப் பேசினார்கள். மேஜையில் மாமாவின் படம். இருபது வயது, முழங்கால் வரை சேறு, நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறார்.

கமிட்டியைச் சேர்ந்த பர்மிய அம்மாள் ஒருவர் ஆசையாகத் தொடுத்து வந்த மல்லிகை மாலையை அந்தப் படத்துக்குப் போட்டுவிட்டார். நான் "ஐயோ" என்று கத்திவிட்டேன். உயிரோடிருக்கிற மனிதரின் படத்துக்கு மாலையா! டோ மீனா பாய்ந்து வந்து மாலையைக் கழற்றி, பக்கத்தில் வைத்திருந்த பழைய பந்தின் மேல் சுற்றினார். அந்த அம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. டோ மீனா காதோடு விளக்கியதும் நாக்கைக் கடித்துக்கொண்டு, என் இரண்டு கையையும் பிடித்து மன்னிப்புக் கேட்டார். "மாமா இதைப் பாத்திருந்தா அடுத்த கப்பல்ல இங்க வந்திருப்பாரு" என்றேன். டோ மீனா மொழிபெயர்த்ததும் எல்லோரும் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகுதான் வீடியோ காலில் வீட்டைக் கூப்பிட்டேன். வியாசர்பாடியில் என் கணவர் போனைப் பிடித்துக்கொண்டிருக்க, மாமா அதை மூக்கில் ஒட்டினாற்போல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த முனையில் என் போனை ஒரு பருப்பு டின்னில் சாய்த்து வைத்திருந்தேன். படம் நின்று நின்று வந்தது, குரல் தெளிவாகவே வந்தது.

மா சுசூவின் தோளைப் பிடித்துக்கொண்டு ஊ தான் சோ அந்தச் செங்குத்துப் படியில் ஏறி வந்தார். சலவைச் சட்டை, கட்டம் போட்ட லுங்கி. உட்காரச் சொன்னதற்கு மாட்டேன் என்று நின்றார். டோ மீனா நோட்டும் பேனாவுமாகத் தயாரானார்.

"ஆறுமுகம் எனக்கு எதிரா எத்தனையோ மேட்ச் ஆடியிருக்கான்" என்று ஆரம்பித்தார். முதலில் பர்மியத்தில் சொல்லி, பிறகு அதையே தமிழில் சொன்னார். "இடது காலாலயும் அடிப்பான், வலது காலாலயும் அடிப்பான். எந்தக் காலுன்னு கடைசி வரைக்கும் காட்ட மாட்டான். எனக்குப் பதினோரு கோல் போட்டிருக்கான். எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கு. பதினொண்ணும் கோல்தான்." மூச்சு வாங்கினார். "பன்னெண்டாவது கோல் இல்ல. நான் பிடிச்சேன். எழுதிக்கம்மா."

டோ மீனா ஒரு எழுத்து மாற்றாமல் எழுதினார். அறையில் கைதட்டல். மாமாவின் படம் ஏறப்போகிறது, எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அது கீழே இறங்கி முடிப்பதற்குள் பருப்பு டின்னிலிருந்து குரல் வெடித்தது.

"பொய்! பாதிக்கு மேல உள்ள! டேய் தங்கவேலு, ஊரே பாத்துச்சுடா! சாந்தி! நீ அங்கதானே இருக்க? நீ ரெபரிதானே? சொல்லு, அது கோலா இல்லையா? நீயே சொல்லும்மா!"

அறை முழுக்க என் பக்கம் திரும்பியது. தமிழ் தெரியாதவர்களும் திரும்பினார்கள். ஊ தான் சோ என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மா சுசூ என்னைப் பார்த்தார்.

ஆயிரம் பேர் கத்துகிற மைதானத்தில் பெனால்டி கொடுத்திருக்கிறேன், தயங்கியதில்லை. பருப்பு டின்னுக்கு நேராகப் போய் நின்றேன்.

"மாமா, பாதிக்கு மேல உள்ளன்னா கோல் இல்ல மாமா. முழுப் பந்தும் தாண்டணும்."

போனில் மாமாவின் முகம் அசையாமல் நின்றது. நெட்வொர்க் போய்விட்டதோ என்று நினைத்தேன். இல்லை, பின்னால் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"முப்பது வருஷமா ஏன் சொல்லல?" என்றார் கடைசியில். குரலில் கோபம் இல்லை.

"நீங்க கேக்கல மாமா."

பிறகு, "அவன்கிட்ட போனைக் குடு" என்றார்.

போனை எடுத்துக்கொண்டு போனேன். என்னையறியாமல் இடது கை வலது முழங்கையைத் தொட்டுக்கொண்டது. ஊ தான் சோ அதை அந்த அகலமான கைகளில் வாங்கினார். இரண்டு கிழவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாமாவுக்கு எவ்வளவு தெரிந்ததோ எனக்குத் தெரியாது.

"தங்கவேலு."

"சொல்லு."

"அந்தப் பந்து எவ்வளவு வெளிய இருந்துச்சுன்னு சொன்ன?"

"ஒரு சாண்."

"ஒரு சாண் இல்லடா" என்றார் மாமா. "ரெண்டு சாண். நான்தானே பக்கத்துல நின்னேன். நீ சுத்தமாப் பிடிச்சிட்ட. நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் கையைத் தூக்கினேன்."

டோ மீனாவின் பேனா நோட்டில் ஓடுவதைப் பார்த்தேன். எழுதி முடித்துவிட்டு அவர் எழுந்து, பலகையில் மாமாவின் படம் ஏறப்போகிற இடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு படத்துக்கு இடம் இருக்கிறதா என்று விரலால் அளந்தார். மா சுசூவுக்கு எல்லாம் புரிந்திருக்கும். ஆனாலும் பக்கத்திலிருந்தவரிடம் அவசரமாக என்னவோ கேட்டார். அவர் பர்மியத்தில் சொன்னார். மா சுசூ தோளில் போட்டிருந்த மேல் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

ஊ தான் சோ போனைக் காதருகே கொண்டுபோனார். "ஜெனரேட்டர் சத்தத்துல சரியாக் கேக்கல" என்றார். "இன்னொரு தடவை சொல்லு."

மாமா சொன்னார்.

"இவளுக்கும் கேக்கணும்" என்று போனை மகள் பக்கம் திருப்பினார். "இன்னொரு தடவை."

மாமா மூன்றாவது தடவையும் சொன்னார்.